ஆலை காண்டலும் அறிவு பெறுதலும்

மக்கள் அறிவு பெறும் வாயில்கள் பல. நூல்களை ஓதி அறிதல் ஒன்று. அறிந்தோர் சொல்லக் கேட்டு அறிதல் மற்றொன்று. தொழில் நடைபெறும் இடத்துக்கே சென்று கண்ணாற் கண்டு அறிதல் பிறிதொன்று. இம்மூன்றனுள் முதலிரண்டையும் நம் கல்லூரிகள் நன்கு பேணி வருகின்றன. மூன்றாவதோ, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை நிகழும் உல்லாசப் பயணமாகவே முடிந்துவிடுகின்றது. பேருந்தில் ஏறிச் சென்று, ஆலையின் வாயிலில் இறங்கி, யந்திரங்களின் பேரோசையைக் கேட்டு வியந்து, அளித்த சிற்றுண்டியை அருந்தி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைக் கற்றல் என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை. தொழிற்சாலையைக் கண்டு எவற்றைக் கற்கலாம், எவ்வாறு கற்கலாம், கற்றதனால் நம் நாட்டுப்புறத்துக்கு விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

காரியாபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டொன்றுக்குச் சராசரி 800 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் வந்து நின்றுவிடும். கண்மாய் பெருகினால் நெல்; பெருகாவிடில் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி ஆகியவையே துணை. அதுவும் பொய்த்துவிட்டால் இளைஞர் மதுரைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிச் செல்வர். திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் நிலை இதுவே. ஆயினும் கடந்த சில பத்தாண்டுகளாக, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பஞ்சாலைகளும் பிற ஆலைகளும் எழுந்துள்ளன. நிலம் கொடாத வேலையை ஆலை கொடுக்கின்றது. அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் கைகளை மட்டும் கொண்டு செல்லப் போகின்றார்களா, கருத்தையும் கொண்டு செல்லப் போகின்றார்களா என்பதே இக்கட்டுரையின் உள்ளே நிற்கும் வினா.

காரியாபட்டிக்கு அண்மையிலுள்ள ஆவியூரில் சுந்தரம் பாஸ்னர்ஸ் கம்பெனியின் ஆலையொன்று உள்ளது. மதுரையில் 1911-ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலிலிருந்து கிளைத்த குடும்பத்தைச் சேர்ந்தது இக்கம்பெனி; 1966-இல் சென்னைப் பாடியில் உற்பத்தியைத் தொடங்கியது. இது செய்யும் முதன்மைப் பொருள் போல்ட்டும் நட்டும். கேட்பதற்கு எளிய பொருள். ஆனால் மோட்டார் வண்டியின் உறுப்புக்களையெல்லாம் ஒன்றாகப் பிணைத்து வைப்பது அதுவே. கம்பியை அளவாக வெட்டி, சூடேற்றாமலே அச்சில் அடித்துத் தலையை உருவாக்கி, மரையை உருட்டிப் பதித்து, பின்னர் உலையிலிட்டு உரமேற்றி, துருப்பிடியாதபடி மேற்பூச்சு இடுவர். இவ்வாறு செய்யப்படும் இலட்சக்கணக்கான ஆணிகளுள் ஒன்று மரை பிசகியிருந்தால், எங்கோ தொலைவில் வண்டி கோக்கும் வரிசை முழுவதும் நின்றுபோகும். அன்றி, ஓடும் வண்டியில் அது முறிந்தால் உயிருக்கே கேடு சூழும். ஆதலால் இத்தொழிலில் ஒழுங்கு என்பது அலங்காரமன்று. பொருளின் உயிரே அது.

இக்கம்பெனி 1990-இல் ஐ.எஸ்.ஓ. 9000 வரிசைத் தரச்சான்றைப் பெற்றது. இந்தியப் பொறியியற் கம்பெனிகளுள் முதலில் பெற்றது இதுவே என்பர். 1998-இல் யந்திரப் பராமரிப்பில் சிறந்ததற்கான ஜப்பானியப் பரிசையும் பெற்றது. அதே 1998-இல் இதன் உடன்பிறப்பாகிய சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக்குப் பகுதி, டெமிங் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. நம் பக்கத்து ஊர்க்காரர் தொடங்கிய குடும்பத் தொழில் உலகத்தார் மதிக்கும் நிலையை எய்தியது எவ்வாறு? இதற்கு விடை காண நாம் ஜப்பான் தேசத்துத் தறி ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கின்றது. தறி என்றால் அருப்புக்கோட்டையாருக்கு அயலான பொருளன்றே!

சாகிச்சி டொயோடா என்பவர் 1867-இல் ஒரு தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். தாய் தறியில் வருந்தி உழைப்பதைக் கண்டு, அவ்வுழைப்பை எளிதாக்க எண்ணி, 1891-இல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதனோடு அமையாமல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே வந்து, 1924-இல் தானாக இயங்கும் தறியொன்றை முடித்தார். அதன் சிறப்பு விரைவு மட்டுமன்று. இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அறுந்த இழையோடு ஓடிக்கொண்டேயிருந்தால் துணி பழுதாகும். பழுதாகாமற் காக்க ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். தறியே தன் பிழையை உணர்ந்து நின்றுவிடின், ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாம், பழுதும் உண்டாகாது. பிழை தோன்றிய இடத்திலேயே வேலையை நிறுத்திக் காரணத்தைக் களைக என்னும் கொள்கை பின்னாளில் டொயோடா மோட்டார் ஆலைகளின் அடிப்படையாயிற்று.

அவருடைய மைந்தர் கீச்சிரோ, 1922-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துக்குச் சென்றார். நெசவு யந்திரங்களுக்கு உலகப் பெயர் பெற்றிருந்த பிளாட் சகோதரர் கம்பெனி அங்கே இருந்தது. நம் இந்தியாவின் பழைய பஞ்சாலைகள் பலவற்றில் ஓடியவையும் அவர்களுடைய யந்திரங்களே. கீச்சிரோ அவ்வூரிலே தங்கி, நாள்தோறும் ஆலைக்குச் சென்று, வேலை நடக்கும் முறையைக் கண்டு குறிப்பெழுதினார். ஏழாண்டு கழித்து, 1929-இல், அதே பிளாட் கம்பெனி டொயோடாவின் தறிக் காப்புரிமையை 1,00,000 பவுனுக்கு வாங்க உடன்பட்டது. மாணாக்கனாகச் சென்றவனிடம் ஆசானே வந்து கற்ற வரலாறு இது. ஆலை காண்டல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அவ்வழக்கம் அக்குடும்பத்தில் நின்றுவிடவில்லை. 1950-இல் ஐஜி டொயோடா அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் பேராலையைக் கண்டு திரும்பினார். அத்தனை பெரிய ஆலையை அப்படியே தம் நாட்டில் எழுப்பப் பொருளும் இல்லை, இடமும் இல்லை. ஆயினும் தொழிலாளர் தம் யோசனைகளை எழுதித் தெரிவிக்கும் முறை அங்கிருந்ததைக் கண்டு, 1951-இல் அதனைத் தம் ஆலையில் தொடங்கினார். 1956-இல் தைச்சி ஓனோ என்பவர் அமெரிக்காவுக்குச் சென்றபோது, மோட்டார் ஆலைகளினும் அவர் கருத்தைக் கவர்ந்தவை சூப்பர் மார்க்கெட்டு என்னும் பெருங்கடைகளே. வாங்குபவர் வேண்டியதை வேண்டிய அளவே எடுக்கின்றனர். எடுத்த அளவுக்கே கடைக்காரர் மீண்டும் நிரப்புகின்றார். ஆலைக்குள்ளும் ஒரு பகுதி மற்றொரு பகுதியிலிருந்து இவ்வாறு வாங்கினால், பொருள் தேங்கிக் கிடவாது என்று அவர் உணர்ந்தார். பெரிய யந்திரங்களைக் கண்டு மயங்காமல், தமக்குப் பயன்படும் ஒரு கருத்தைத் தேர்ந்து கொண்டதே இவர்கள் இருவருடைய சிறப்பு.

இனி, இத்தகைய ஆலைகளுள் நுழைபவர் முதலிற் காணும் இட ஒழுங்கைப் பற்றிக் கூறுவாம். ஜப்பானியர் அதனை ஐந்து சொற்களால் குறிப்பர். அவை சேய்ரி, சேய்டோன், சேய்சோ, சேய்கேட்சு, ஷிட்சுகே என்பன. பெயர்தான் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று.

முதலாவது பிரித்தல், வேண்டுவதையும் வேண்டாததையும் பிரித்து, வேண்டாததை அகற்றுதல். நம் வீட்டுப் பரணில் ஓட்டைக் குடமும் உடைந்த கட்டிற்காலும் என்றேனும் உதவுமென்று கிடக்கின்றன அல்லவா? ஆலையில் அவ்வாறு கிடப்பது, இடத்தையும் காலத்தையும் உண்ணும். இரண்டாவது இடமமைத்தல், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறித்து, எடுத்ததை அவ்விடத்தே வைத்தல். குழித்தறியில் அமர்ந்த நெசவாளி நாடாவையும் தாரையும் தேடி எழுவதில்லை; கை நீட்டினால் எட்டும் இடத்தில் அவை இருக்கும். ஆலையில் சுவரிற் பலகை மாட்டி, ஒவ்வொரு கருவியின் நிழலுருவையும் அதில் எழுதி வைப்பர். ஒரு ஸ்பானர் இல்லையென்றால் அதன் வெற்றுருவமே காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது துப்புரவு. இது கூட்டிப் பெருக்குவதோடு முடிவதன்று. துடைக்கும் கையே சோதிக்கும் கை என்பது இதன் கருத்து. யந்திரத்தை ஓட்டுபவர் தாமே நாள்தோறும் அதனைத் துடைத்து எண்ணெயிட்டால், தளர்ந்த ஆணியையும் கசியும் எண்ணெயையும் பெரும்பழுது நேருமுன்னரே காண்பார். 1971-இல் ஜப்பானின் நிப்பான்டென்சோ கம்பெனியில் புகழ்பெற்று, பின்னர் நம் நாட்டு ஆலைகளுக்கும் வந்த பராமரிப்பு முறையின் வேர் இதுவே. நான்காவது நிலைநிறுத்தல்; முன்சொன்ன மூன்றும் எவர் வந்தாலும் ஒரே வகையாக நடைபெறும்படி விதியும் குறியும் வகுத்தல். ஐந்தாவது பழக்கமாக்கல்; மேற்பார்ப்பவர் இல்லாதபோதும் அவ்விதியைத் தானே கைக்கொள்ளுதல். முதல் நான்கையும் ஒரு வாரத்தில் செய்துவிடலாம். ஐந்தாவதற்கு ஆண்டுகள் வேண்டும். ஆதலின் பார்வையாளர் வரும் நாளில் மட்டும் பளபளக்கும் ஆலைக்கும், எந்நாளும் ஒழுங்காக உள்ள ஆலைக்கும் வேற்றுமை இவ்வைந்தாவதிலேயே காணப்படும்.

இவ்வொழுங்கின் மேல் எழுவதே கைசென் எனப்படும் இடையறாத திருத்தம். ஒரே நாளில் பெருமாறுதல் செய்யாமல், நாள்தோறும் ஒரு சிறு குறையைக் கண்டு நீக்கிக்கொண்டே போவது இது. ஒரு பெட்டியைக் குனிந்து எடுக்கின்ற இடத்தில் அதன் கீழ் ஒரு பலகை வைத்தல். பத்தடி நடந்து எடுக்கும் பொருளை இரண்டடியில் வைத்தல். இடம் மாறிப் பொருத்த முடியாதபடி அச்சில் ஒரு முளை வைத்தல் போன்றவை இதன் எடுத்துக்காட்டுக்கள். பிழை நேர்ந்தால் ஏன் என்று ஒரு முறை கேட்டு நிறுத்தாமல், விடைக்கு மேல் விடையாக ஐந்து முறையேனும் கேட்கும் வழக்கமும் இதன் பாற்பட்டது. யந்திரம் ஏன் நின்றது? மின்னுருகி எரிந்தது. ஏன் எரிந்தது? சுழலும் தண்டு இறுகியது. ஏன் இறுகியது? எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் இறைக்கும் பம்பு தேய்ந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இன்மையால் இரும்புத்தூள் உட்புகுந்தது. முதல் விடையோடு நின்றவர் உருகியை மாற்றுவார். மறுவாரம் அது மீண்டும் எரியும். ஐந்தாம் விடையைக் கண்டவர் வடிகட்டியை வைப்பார்.

அமெரிக்கப் பேரறிஞர் டெமிங் 1950-இல் ஜப்பானில் நிகழ்த்திய சொற்பொழிவுகள், இத்தகைய திருத்தத்தை ஊகத்தால் அன்றிக் கணக்கால் நடத்தும் வழியைக் காட்டின. அவர் பெயராலாகிய பரிசு 1951 முதல் வழங்கப்படுகின்றது. சுந்தரம் கிளேட்டன் முதலிய நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு யோஷிகாசு சுதா என்னும் ஜப்பானியப் பேராசிரியர் வழிகாட்டினார். இவ்வாறு மேற்கிலிருந்து கிழக்குக்கும், கிழக்கிலிருந்து நம் பாடிக்கும் ஆவியூருக்குமாக இவ்வறிவு நடந்து வந்திருக்கின்றது. அது நடந்த வழியெல்லாம் ஒருவர் மற்றொருவருடைய ஆலையைக் கண்ட வழியே.

நம் மாவட்டத்துக்கும் இவ்வகையில் ஒரு பெருமை உண்டு. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தாவுக்குச் சென்று, சில மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழையற்ற சிற்றூராயிருந்த சிவகாசி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர் பெற்றதன் தொடக்கம் அப்பயணமே. பஞ்சாலைகளுக்கோ, 1956-இல் கோயமுத்தூரில் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் மற்றொரு வழியைக் காட்டியது. பல ஆலைகளின் உற்பத்தியையும் கழிவையும் ஒப்பிட்டு, தன் நிலை யாதென ஒவ்வோர் ஆலையும் அறியுமாறு அது செய்து வருகின்றது. பிறர் ஆலையைக் காண்பதன் முடிந்த பயன், தன் ஆலையைத் தான் காண்பதே என்பது இதனால் விளங்கும்.

ஆயின் மாணாக்கர் ஆலைக்குச் செல்லுங்கால் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, வினாக்களோடு செல்ல வேண்டும். வெறுங்கூடையோடு சந்தைக்குச் செல்பவனும் வாங்க வேண்டுவது இன்னதென்று அறிந்தே செல்கின்றான். இரண்டாவது, எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் ஒரு பொருளைத் தொடர்ந்து செல்ல வேண்டும். ஒரு கம்பி போல்ட்டாகிப் பெட்டியில் ஏறும் வரை அதனோடு நடந்து, எவ்விடத்தில் அதன்மேல் வேலை நடக்கின்றது, எவ்விடத்தில் அது வாளா காத்துக் கிடக்கின்றது என்று குறித்தால், வேலை நடக்கும் நேரத்தினும் காத்துக் கிடக்கும் நேரமே மிகுதி என்பது பெரும்பாலும் புலப்படும். மூன்றாவது, மேலாளரிடம் மட்டுமன்றி, அவர் இசைவோடு வேலை செய்பவரிடமும் வினவ வேண்டும். "இவ்விடத்தில் நீங்கள் சொல்லி மாறியது ஏதேனும் உண்டா, ஐயா?" என்னும் ஒரு வினாவே அவ்வாலையின் உள்நிலையைக் காட்டிவிடும். நான்காவது, காரணத்தைக் கேட்க வேண்டும். தரையில் மஞ்சட்கோடு இட்டிருப்பதைக் கண்டு வந்து நம் பட்டறையிலும் கோடு இடுவது எளிது. அக்கோடு எந்த விபத்தைத் தடுக்க இடப்பட்டது என்று அறியாவிடின், அது கோலமேயன்றி ஒழுங்கன்று. ஐந்தாவது, திரும்பிய ஒரு வாரத்துக்குள் தம் இடத்தில் ஒன்றையேனும் மாற்றிப் பார்க்க வேண்டும். கற்றதைப் பூமியில் புதைத்து வைத்த ஊழியனைப் பற்றித் திருமறை கூறும் உவமையை நம் மாணாக்கர் அறிவர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இவ்வொழுங்கெல்லாம் முதலாளியின் இலாபத்துக்கே அன்றோ, தொழிலாளிக்கு இதனால் வருவது யாது என்று சிலர் வினவுவர். நேர்மையான வினா அது, மழுப்பி விடத்தக்கதன்று. முதலாவதாக, நம் மாவட்டத்தில் ஒழுங்கு என்பது உயிரைக் காப்பதாம். 2012-ஆம் ஆண்டு செப்டெம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்று வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2024 மே 1-ஆம் நாள் நம் காரியாபட்டிப் பக்கத்திலேயே கல்குவாரியொன்றின் வெடிமருந்து வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வகுத்த விதியும், வேண்டாததை அகற்றுக என்னும் முதற்பாடமும் ஒன்றே. பஞ்சாலையில் பறக்கும் தூசியைக் களைதல், நூலின் தரத்தை மட்டுமன்றி, அங்கே உழைக்கும் நம் பெண்மக்களின் நுரையீரலையும் காக்கும்.

இரண்டாவதாக, இம்முறை தவறாகக் கையாளப்படலும் உண்டு. தொழிலாளி தன் யோசனையால் பத்துப் பேர் வேலையை எட்டுப் பேர் செய்யும்படி ஆக்கினால், மறுமாதம் இருவரை வீட்டுக்கு அனுப்பும் ஆலையில் மூன்றாவது யோசனை பிறவாது. ஒப்பந்தத்தின் பேரில் சில மாதமே வைத்திருந்து அனுப்பப்படும் இளைஞனிடம் இடையறாத திருத்தத்தை எதிர்பார்த்தலும் வீணே; திருத்துவதன் பயனைக் காண அவன் அங்கே இருக்கப் போவதில்லை. யோசனை சொல்பவனுக்கு வேலையில் உறுதியும், கூலியில் பங்கும், சொல்லுக்கு மதிப்பும் வேண்டும். தாயின் நோவைக் குறைக்கவே சாகிச்சி தறியைத் திருத்தத் தொடங்கினார் என்பதை மறந்தால், இம்முறையின் உடல் எஞ்சும், உயிர் நீங்கிவிடும். ஆலை காணச் செல்வோர் இதனையும் கண்டு வருவாராக. நிழலுருப் பலகையைப் பார்த்த கண், தண்ணீர்ப் பானையையும், ஓய்வறையையும், காதடைப்பான் அணிந்த காதுகளையும், அறிக்கைப் பலகையில் தொங்கும் யோசனைச் சீட்டின் தேதியையும் பார்க்கட்டும்.

இவ்வறிவு ஆலைக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்க் கூட்டுறவுக் கடையிலும், ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தறையிலும், பள்ளியின் இரசாயனச் சாலையிலும், கண்மாய் மடையைப் பேணும் முறையிலும் இதற்கு இடமுண்டு. மழைக்கு முன்னர் மடையைத் துடைத்துப் பார்ப்பதும், ஓட்டுமுன் யந்திரத்தைத் துடைத்துப் பார்ப்பதும் ஒரே அறிவின் இரு செயல்கள். கரை உடைந்த பின்னர் மண் சுமப்பதினும், எலிவளையைக் கண்டவுடன் அடைப்பது எளிது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அவ்வறிவைக் கணக்கோடும் குறிப்போடும் கையாளும் வகையையே இவ்வாலைகள் நமக்குக் கற்பிக்கின்றன.

ஆதலால், இனி ஆலை காணச் செல்லும் நம் மாணாக்கர் ஒவ்வொருவரும் சிறு குறிப்பேடு ஒன்றைக் கையிற் கொள்வாராக. அதன் ஒரு பக்கத்தில் அங்கே கண்டதையும், எதிர்ப்பக்கத்தில் தம் வீட்டிலோ விடுதியிலோ பட்டறையிலோ அதற்கு ஒப்பானதையும் எழுதுவாராக. எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தால் கற்றது பாதி. எதிர்ப்பக்கத்தில் எழுதியவற்றுள் ஒன்றேனும் செய்து முடித்த பின்னரே, அவ்வாலையைக் கண்டோம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும்.